குருட்டு எஸ்ராவைச் சபையில் சேர்த்த கதை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். எந்த வேதாகமம் என்று கேட்பவர்களுக்கு: மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வருஷம், எங்கள் தேவாலயக் கூரையின் மேல் சில கோழிகளோடும் ஒரு பன்றியோடும் உட்கார்ந்து தப்பித்ததே, அந்த வேதாகமம். அன்று நனைந்ததில் அதன் பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அதற்குப் பிறகு யாராலும் அதைத் திறக்க முடிந்ததில்லை. ஆகவே அதில் இருப்பதை யாராலும் மறுக்கவும் முடிந்ததில்லை. சத்தியம் செய்ய அதைவிடத் தோதான புத்தகம் எங்கள் வட்டாரத்தில் கிடையாது.

லான்சோ மேப்ரி என் சிநேகிதன். நான் ஐஸ் வண்டி ஓட்டினேன். அவன் பருத்தி ஜின்னிங் ஆலையில் வேலை பார்த்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அவனுக்கு ஒரு இருமல் வந்திருந்தது. முதலில் சின்னதாக ஒன்று. பிறகு எதையோ யோசிப்பதுபோல ஒரு இடைவெளி. அப்புறம் பெரிதாக ஒன்று. சின்ன இருமலைக் கேட்டதும் தெருவில் போகிற கோவேறு கழுதைகள் நின்றுவிடும். பெரிய இருமல் வந்த பிறகுதான் மறுபடி நடக்கும். இது காதால் கேட்ட செய்தி அல்ல. என் வண்டிக் கழுதையே அப்படித்தான் நின்றது.

லான்சோ கிதார் வாசிப்பான். உடைந்த பாட்டிலின் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பியில் அவன் ஒரு இழுப்பு இழுத்தால், ஆற்றின் அக்கரையில் பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி பிரிந்துவிடுவார்கள். அதனால் அவனை நீளமாக வாசிக்கச் சொல்லி அக்கரையிலிருந்து ஆள் வந்ததுண்டு.

அப்படிப்பட்டவன் ஓசெல்லா கிரம்ப்பின் மேல் ஆசை வைத்தான். ஓசெல்லா விதவை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கெளுத்தி மீன் பொரித்து விற்றாள். அவளுடைய முதல் புருஷன் சீட்டாடினான் என்று சபை அவனை நீக்கிவைத்திருந்தது. நீக்கப்பட்டவனாகவே அவன் செத்துப்போனதால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். எங்கள் சபையின் வழக்கம் அது. வேலிக்கு உள்ளே இருப்பவர்களை நியாயத்தீர்ப்பு நாளில் தேவதூதன் பெயர் சொல்லி எழுப்புவான். வெளியே இருப்பவர்கள் சத்தம் கேட்டு அவர்களாகவே எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

லான்சோ கல்யாணப் பேச்சை எடுத்தபோது ஓசெல்லா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இங்க பாரு லான்சோ. ஒரு புருஷனை வேலிக்கு வெளியே புதைச்சிருக்கேன். போன மழையில பக்கத்துப் பண்ணை மாடு அவன் நெஞ்சு மேல படுத்துக் கெடந்துச்சு. இன்னொருத்தனுக்காகவும் நான் மாடு விரட்டிக்கிட்டுத் திரிய மாட்டேன். சபையில உன் பேரு சுத்தமா இருந்தா, பருத்தி எடுத்து முடிஞ்சதும் கட்டிக்கிறேன். அந்தப் பாவப் பாட்டை விட்டுடணும்."

"விட்டாச்சு," என்றான் லான்சோ.

"எப்போ?"

"இப்பத்தான். நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே."

அவன் மனதார விட்டான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். அந்த வருஷம் குளிர் விடுவதற்கு முன்னால், மாமா சாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிதாரை மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவன் வடக்கே ரயிலேறிப் போயிருந்தான். அங்கே ஒரு இசைத்தட்டுக் கம்பெனியில் பாடிவிட்டு வந்திருந்தான். பாட்டை விட்டது அவன் வாய்தான். பாடிய பாட்டு ஏற்கெனவே தெற்கு நோக்கி ரயிலில் வந்துகொண்டிருந்தது.

கம்பெனியில் நடந்ததை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். சுவர் முழுக்கப் போர்வை தொங்கும் அறையாம். காலையில் ப்ளூஸ் பாடியிருக்கிறான்; ஓசெல்லா பாவப் பாட்டு என்றது அதைத்தான். ஒரு வெள்ளைக்காரர் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"பேரு?"

"லான்சோ மேப்ரி, சார்."

"விக்காது. கண்ணு தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும் சார். உங்க மீசையில முட்டை ஒட்டியிருக்கு."

"அதை வெளிய சொல்லாதே. இந்த வருஷம் குருடங்க பாட்டுத்தான் விக்குது. இன்னைலேர்ந்து நீ குருட்டு எஸ்ரா."

பிறகு பன்றி இறைச்சி வைத்த ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தின்று முடித்ததும், சர்ச் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். லான்சோவுக்குத் தெரியாத சர்ச் பாட்டு இல்லை. ஆனால் குருட்டு எஸ்ரா பாடினால் சர்ச்சுக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி, பிற்பகலில் பாடியதற்கு டீக்கன் காலேப் என்று பெயர் போட்டார்கள். டீக்கன் என்றால் எங்கள் சபையில் பாஸ்டருக்கு அடுத்த ஆள்.

"டீக்கனுக்குக் கண்ணு தெரியுமா சார்?" என்று லான்சோ கேட்டானாம். அந்த வெள்ளைக்காரர் சுருட்டு அணைகிறவரைக்கும் யோசித்துவிட்டு, "தெரியும்னு வச்சுக்குவோம்," என்றாராம்.

இரண்டு தட்டுகளும் எங்கள் ஊர் மரச்சாமான் கடைக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கடையில் கிராமபோனும் சவப்பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சவப்பெட்டி வாங்க வந்தவர்கள் குருட்டு எஸ்ராவைக் கேட்டுவிட்டு, மனம் மாறிக் கட்டில் வாங்கிக்கொண்டு போனதுண்டு.

அது லான்சோவின் குரல் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. காலையில் வேலியோரம் நின்று பல் விளக்குகிறவன் மாலையில் பெட்டிக்குள்ளிருந்து எப்படிப் பாடுவான்? அதுவுமில்லாமல் தட்டில் வேறு பெயர் அச்சடித்திருந்தது. அச்சடித்ததை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. முடிதிருத்தும் கடையில் எஸ்ராவைப் பற்றித்தான் பேச்சு.

"நான் அவனை கிரீன்வில்ல பாத்திருக்கேம்ப்பா. கழுதை உதைச்சுக் கண்ணு போச்சு."

"கழுதையா? மின்னல்ப்பா. கிதார் கம்பி வழியா எறங்கிடுச்சு."

"ரெண்டும் கெடையாது. கண்ணை மூடிக்கிட்டே பொறந்தவன். தொறக்கச் சோம்பேறித்தனம்."

லான்சோவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "பாவம்டா அவன்," என்று என் காதில் சொன்னான்.

"டேய், அது நீதாண்டா."

"தெரியும். ஆனா மின்னல் எறங்கினது எனக்கே இப்பத்தானே தெரியுது."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவன் ஒரு கையால் வேலியைத் தடவிக்கொண்டே நடந்தான். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா என்றான்.

இன்னொரு பக்கம் எங்கள் பாஸ்டர் ட்ராவிக், டீக்கன் காலேப்பின் தட்டை வாங்கிக்கொண்டு போய் அன்றாடம் விடியலில் கேட்டு அழுதார். பிரசங்கத்திலும் அவரை இழுத்தார். "டீக்கன் காலேப் மாதிரி ஒரு விசுவாசி இந்தச் சபையில உண்டா? பிரதர் மேப்ரி, உன்னைத்தான் கேக்கறேன்! அந்த மனுஷனைப் பாத்தாவது திருந்தக் கூடாதா?"

"திருந்தறேன் பாஸ்டர்," என்றான் லான்சோ. உண்மையாகவே காலேப்பின் மேல் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை வந்திருந்தது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் குருட்டு எஸ்ரா பாட்டின் நடுவில் ஒரு இடத்தில், தன்னை மறந்து, "மெதுவாப் பொரி, ஓசெல்லா, மெதுவாப் பொரி" என்று கூப்பிட்டிருந்தான். அதை முதலில் காதில் வாங்கியவர் எங்கள் பாடகர் குழுத் தலைவர் பிரதர் ஸ்டாக்ஸ். அவரும் ஓசெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்தான். தினமும் அவளிடம் மீன் வாங்கி, மீன் பிடிக்காததால் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பூனை கன்றுக்குட்டி அளவு ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறே பெண்கள் ஓசெல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு குருடனுக்கு மீன் பொரித்தவள் என்று சொன்னார்கள். சபை கூடி விசாரிக்கவேண்டும் என்று ஸ்டாக்ஸ் எழுந்து நின்று கேட்டார்.

அன்று பிற்பகல் ஓசெல்லா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். லான்சோவும் நானும் போனோம்.

"அந்தத் தட்டுல நடுவுல வர்ற உன் இருமல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"ஓசெல்லா, அது எஸ்ரா..."

"எஸ்ராவா? அந்த எஸ்ராவை இந்த எண்ணெயில முக்கி எடுக்கட்டுமா?"

லான்சோ அடுப்பைவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"நீதான்னு ஒத்துக்கிட்டா உன்னை நீக்கிடுவாங்க. நீ இல்லேன்னா என்னை நீக்கிடுவாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலிக்கு வெளிய மாட்டோட படுக்கணும்."

"நான் ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கிட்டா கல்யாணம் கெடையாது."

"அப்ப ஒத்துக்கல."

"ஒத்துக்கலேன்னா எனக்கு மானம் கெடையாது."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"அதைத்தான் நானும் காலையிலேர்ந்து யோசிக்கறேன். இந்தா, மீனைத் தின்னு."

சனிக்கிழமை பிற்பகல் சபை கூடியது. கடையிலிருந்து கிராமபோனை என் வண்டியில்தான் கொண்டுவந்தேன். வெயிலில் தட்டு வளைந்துவிடும் என்று ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். அதனால் எஸ்ரா முதல் இரண்டு வரிகளைப் பல் நடுங்கப் பாடினான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை உள்ளே கொண்டுபோக விடவில்லை. பாவப் பாட்டு தேவாலயத்துக்குள் ஒலிக்கலாமா என்று பெரிய வாக்குவாதம்.

"பெட்டி மரம்தானே பாஸ்டர்? பெஞ்சும் மரம்தான்."

"பெஞ்சு பாடாது, பிரதர்."

கடைசியில் பாஸ்டர் ஒரு வழி சொன்னார். பெட்டி வெளியே என் வண்டியிலேயே இருக்கட்டும்; அதன் குழாய் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பாவம் வெளியே நிற்கும், சாட்சி மட்டும் உள்ளே வரும். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வெளியே ஜன்னலோரம் நின்று, உள்ளே பார்த்துக்கொண்டே சாவி கொடுத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. பலகைத் தரையில் டக் டக் என்று ஒரு சத்தம்.

"யார் கால் அது?" என்றார் பாஸ்டர்.

"தரை தானா ஆடுது பாஸ்டர்," என்றார் ஸ்டாக்ஸ். அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் சபையில் கால் தாளம் போட்டால் அது நடனம், நடனம் பாவம். "எல்லாரும் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல வையுங்க!" என்று பாஸ்டர் உத்தரவு போட்டார். மொத்தச் சபையும் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டது. உடனே கையிலிருந்த விசிறிகள் எல்லாம் தாளத்தோடு ஆட ஆரம்பித்தன. விசிறிகளைப் பறிமுதல் செய்யச் சொன்னார். அவற்றை வாங்கிக்கொண்டு வந்தவரும் தாளத்தோடுதான் நடந்துவந்தார்.

"மெதுவாப் பொரி, ஓசெல்லா" வந்தது. தலைகள் திரும்பின. அடுத்து இருமல் வந்தது. சின்னதாக ஒன்று. வண்டியில் கட்டியிருந்த என் கழுதை புல் மெல்லுவதை நிறுத்தியது. தட்டில் பெரிய இருமல் வருவதற்குள், உள்ளே உட்கார்ந்திருந்த லான்சோவுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. ஒரு சின்னது தட்டிலிருந்து, ஒரு சின்னது உள்ளேயிருந்து, ஒரு பெரியது தட்டிலிருந்து, ஒரு பெரியது உள்ளேயிருந்து. எதற்கு நிற்பது, எதற்கு நடப்பது என்று தெரியாமல் கழுதை உட்கார்ந்துவிட்டது.

"கேட்டீங்களா! அதே இருமல்!" என்று ஸ்டாக்ஸ் குதித்தார்.

பாஸ்டர் கையை உயர்த்தினார். "பிரதர் மேப்ரி, தேவ சமுகத்துல கேக்கறேன். இந்தக் குரல் யாருது?"

லான்சோ எழுந்தான். ஓசெல்லாவைப் பார்த்தான். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டத்து வேலியைப் பார்த்தான். வேலிக்கு வெளியே ஒரு மாடு நின்றது.

"நான்தான் பாஸ்டர்," என்றான். "எஸ்ரா நான்தான். சிஸ்டர் ஓசெல்லாமேல ஒரு தப்பும் கெடையாது. நீக்கறதுன்னா என்னை நீக்குங்க."

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "உனக்குத்தான் கண்ணு தெரியுமே?"

"தெரியும்."

"அப்புறம் எப்படிக் குருட்டு எஸ்ரா ஆவே?"

"கம்பெனியில அப்படிப் போட்டாங்க."

"அச்சுல போட்டிருக்கறது பொய், நீ சொல்றது நெசமா?"

பாஸ்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "பிரதர் மேப்ரி, ஒரு பொண்ணு மானத்துக்காகப் பொய் சொல்றே. நல்ல மனசு. ஆனா சபையில பொய் சொல்லக் கூடாது. உட்காரு."

லான்சோ உட்கார்ந்தான். அவன் முகத்தில் இருந்த குழப்பத்தை நான் அதற்குப் பிறகு வேறு எந்த மனிதனிடமும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னதால் அவன் தப்பித்தான். அவன் தப்பித்ததால் ஓசெல்லா மாட்டிக்கொண்டாள். ஓசெல்லாவை நீக்கவேண்டும் என்று சொல்ல ஒரு கை உயர்ந்தது. இன்னொரு கை உயர்ந்தது.

ஓசெல்லா எழுந்தாள். "பாஸ்டர், என்னை நீக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தட்டையும் போடுங்க. உங்க வீட்டுல இருக்கே, அது."

"டீக்கன் காலேப்பா? அந்தப் பரிசுத்தவான் இதுக்குள்ள எங்கம்மா வந்தாரு?"

"போடுங்க. அப்புறம் சொல்லுங்க."

தட்டு வந்தது. இது சர்ச் பாட்டு ஆனதால் பெட்டியை உள்ளே கொண்டுபோகலாமா என்று இன்னொரு வாக்குவாதம் தொடங்கியது. அது முடிவதற்குள் நான் வெளியிலிருந்தே சாவி கொடுத்துவிட்டேன். பாஸ்டர் வழக்கம்போல முதல் வரியிலேயே அழுதார். இரண்டாவது வரியில், ஜின்னிங் ஆலைத் தூசி படிந்த ஒரு சின்ன இருமல். இடைவெளி. எழுந்து நின்றிருந்த என் கழுதை மறுபடி உட்கார்ந்தது. பெரிய இருமல்.

பாஸ்டரின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

என் வண்டியில் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது. எஸ்ராவும் காலேப்பும் ஒரே ஆள் என்றால், பாஸ்டர் இத்தனை நாள் அழுதது ஒரு பாவியின் பாட்டுக்கு. அதைச் சபை நினைத்துக்கொண்டிருந்தது. அதைச் சபை நினைப்பதைப் பாஸ்டரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அல்லேலூயா!" என்று அவர் திடீரென்று கத்தினார். "புரியலையா உங்களுக்கு? எஸ்ரா மனந்திரும்பிட்டான்! குருடன் பார்வையடைந்தான்! அவன்தான் இப்ப டீக்கன் காலேப்!"

சபை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஒரு அம்மாள் மயங்கி விழுந்தாள்.

"பாஸ்டர்," என்று லான்சோ மெல்லக் கூப்பிட்டான், "ரெண்டு பேரும் நான்தான். நடுவுல ஒரு ரொட்டி தின்னேன், அவ்வளவுதான்."

"உட்காரு மேப்ரி! அற்புதம் நடந்துக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசாதே!"

ஸ்டாக்ஸ் விடவில்லை. "அப்ப நம்ம சிஸ்டர் பேரு அவன் வாயில எப்படி வந்துச்சு?"

"ஏம்ப்பா, அப்ப அவன் குருடன். கண்ணால பாக்காதவன் எப்படி இச்சை வைப்பான்? ரயில்ல போகும்போது மீன் வாசனை வந்திருக்கும். யாருன்னு கேட்டிருப்பான். வாசனையில பாவம் இல்லை."

எல்லோரும் அந்த மீனைத் தின்றவர்கள். ஆகவே ஆமென் சொன்னார்கள். உயர்ந்த கைகள் இறங்கின.

அத்தோடு முடியவில்லை. மனந்திரும்பியவனை உடனே சபையில் சேர்க்கவேண்டும், தாமதித்தால் வேறு சபை கொத்திக்கொண்டு போய்விடும் என்றார் பாஸ்டர். ஆள் ஊரில் இல்லாததால், அவனுக்குப் பதிலாக ஒருவர் முன்னால் நின்று, கைகுலுக்கிச் சபையில் சேர்க்கிற வலதுகை ஐக்கியத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது.

"பிரதர் மேப்ரி, நீ வந்து நில்லு. உனக்கும் இருமல் இருக்கு, பொருத்தமா இருக்கும்."

லான்சோ முன்னால் போய், தனக்குப் பதிலாகத் தான் நின்றான். சபையே வரிசையாக வந்து அவன் கையைக் குலுக்கி, "எஸ்ராவுக்குச் சொல்லிடு" என்றது. "சொல்றேன்," என்று எல்லோரிடமும் அவன் சொன்னான். கடைசியாக ஸ்டாக்ஸ் வந்து, கையை நசுக்கியதில் எலும்பு சத்தம் போட்டது.

பருத்தி எடுத்து முடிந்ததும் கல்யாணம் நடந்தது. "லான்சோ மேப்ரியாகிய நீ" என்று பாஸ்டர் ஆரம்பித்தார். லான்சோ சுற்றும்முற்றும் பார்த்தான்.

"நான் மட்டும்தானே பாஸ்டர்?"

"அவன் மட்டும்தான் பாஸ்டர், நீங்க சொல்லுங்க," என்றாள் ஓசெல்லா. "மூணு பேருக்கு என்னால பொரிச்சுப் போட முடியாது."

லான்சோ அதற்குப் பிறகு ப்ளூஸ் பாடவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றினால் மரச்சாமான் கடைக்குப் போய், எஸ்ராவைப் போடச் சொல்லி, சவப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று கேட்டான். "என்னைவிட நல்லாப் பாடறான்," என்பான். ஓசெல்லாவுக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தபோது அவனை வேலிக்கு உள்ளேதான் வைத்தார்கள். சபை உறுப்பினர்கள் என்ற முறையில் எஸ்ராவுக்கும் காலேப்புக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு கல் நட்டார்கள். ஓசெல்லா மூன்றுக்கும் பூ வைத்தாள்; ஆனால் ஒரு கல்லிடம் மட்டும்தான் சண்டை போட்டாள்.

இப்போது வடக்கேயிருந்து வெள்ளைக்காரப் பையன்கள் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டைத் தேடி வருகிறார்கள். அந்தப் பெரிய பாடகர் எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறார் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நிழல் எந்தக் கல்லின் மேல் விழுகிறதோ அங்கே உட்காரச் சொல்கிறேன்.

அந்த இரண்டு தட்டுகளும் என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டிலும் பாடுவது ஒரு பெண். நம்பாதவர்கள் அந்த வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள், மறுபடி சத்தியம் செய்கிறேன்.